கொரோனா ஊரடங்கு விதியை மீறியதற்காக அப்போதைய பிரதமர் போரிஸ் ஜான்சனுக்கு விழுந்தது வெறும் 50 பவுண்டு அபராதம்தானே, பிரிட்டன் மக்கள் ஏன் அவ்வளவு கொதித்தார்கள்?

அபராதத் தொகையை வைத்துப் பார்த்தால் அந்தக் கோபம் புரியாது. 2020 மே மாதம் அங்கே ஒருவர் தன் வீட்டைச் சேராத ஒரே ஒரு ஆளைத்தான் வெளியில் சந்திக்கலாம், அதுவும் இரண்டு மீட்டர் தள்ளி நின்று. பெற்ற தாய் ஆஸ்பத்திரியில் சாகும்போது போனில்தான் பேச முடிந்தது என்று சொல்பவர்கள் அந்த நாட்டில் ஏராளம். அதே மே 20ஆம் தேதி பிரதமர் இல்லத் தோட்டத்தில் விருந்து, குடிப்பதை அவரவரே கொண்டுவரச் சொல்லி ஊழியர்களுக்கு மின்னஞ்சல் போயிருக்கிறது! 2021 ஏப்ரல் 16 இரவும் அங்கே பார்ட்டி நடந்தது (ஜான்சன் அதில் இல்லை, ஆனால் அலுவலகம் அவருடையது). மறுநாள் கணவரின் இறுதிச் சடங்கில் ராணி எலிசபெத் விதிப்படி தனியாக உட்கார்ந்திருந்தார்.

சரி, தப்பு நடந்துவிட்டது என்று முதலிலேயே சொல்லியிருந்தால்கூட மக்கள் ஓரளவு ஆறியிருப்பார்கள் என்பது என் எண்ணம். அவரோ 2021 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் எழுந்து, எல்லா வழிகாட்டுதலும் முழுமையாகப் பின்பற்றப்பட்டது என்றார். அப்புறம் இந்த விதிமீறல்களுக்காக போலீஸ் மொத்தம் 126 அபராதங்கள் விதித்தது. அவர் தெரிந்தே சபையைத் தவறாக வழிநடத்தினார் என்று 2023 ஜூனில் இதை விசாரித்த நாடாளுமன்ற உரிமைக் குழு சொன்னது, சபை அதை 354க்கு 7 என்ற கணக்கில் ஏற்றது.