சாமின் சட்டி – கடிதம்

அன்புள்ள சார்,

டோல்கீனின் 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' நாவலின் மூன்று பாகங்களையும் நான்கு மாதத்தில் படித்து முடித்தேன். சில இடங்களில் அழுதேன். பல இடங்களில் மூடி வைத்துவிடலாம் என்றிருந்தது. முதல் பாகம் நகரவே மாட்டேன் என்கிறது. காட்டில் பாடித் திரியும் டாம் பாம்படில் எதற்கு வருகிறார்? தீய மோதிரத்தை என்ன செய்வது என்று எல்ரண்டின் சபையில் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். எத்தனை பாட்டு, எத்தனை மலை! கெட்டவர்கள் எல்லோரும் முழுக்கக் கெட்டவர்கள். இதே கதையைப் பாதிப் பக்கங்களில் சொல்லியிருக்க முடியாதா? எனக்குப் படிக்கத் தெரியவில்லையா, நாவலில்தான் குறையா?

எம்.

அன்புள்ள எம்.,

அழுததையும் அலுத்ததையும் சேர்த்தே எழுதியதற்கு நன்றி.

டோல்கீன் எழுதியது ஒரே நாவல். 1937 டிசம்பரில் தொடங்கியது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் காகிதம் விற்ற விலையில் ஒரே புத்தகமாகப் போட முடியாமல், 1954-55இல் மூன்றாகப் பிரித்து வெளியிட்டார்கள். முதல் பாகத்தைத் தனி நாவலாக எடுத்துக்கொண்டால் எங்கும் போய்ச் சேராத மாதிரிதான் இருக்கும்.

பாதிப் பக்கங்களில் கதையைச் சொல்லிவிடலாம். ஆனால் ஃப்ரோடோவோடு கூடவே நடக்கும் தோட்டக்காரன் சாமின் சட்டியைச் சொல்ல முடியாது.

ஞாபகம் இருக்கிறதா? ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் இரண்டு சின்னச் சட்டிகள், உள்ளே ஒரு மரக்கரண்டி. மூட்டையின் அடியில் தட்டையான மரப்பெட்டியில் கொஞ்சம் உப்பு. அதுவும் குறைந்துகொண்டே வருகிறது. செப்டம்பரில் சொந்த ஊரான ஷயரை விட்டு மோதிரத்தோடு கிளம்பிய இருவரும், மார்ச் முதல் வாரத்தில் இதிலியன் காட்டில் இருக்கிறார்கள். வழிகாட்டியாகக் கூட வரும் கோல்லம் இரண்டு முயல் பிடித்து வருகிறான். சாம் அதை அந்தச் சட்டியில் வேகவைக்கிறான், உருளைக்கிழங்கு இல்லையே என்று ஏங்குகிறான். சாமும் ஃப்ரோடோவும் சட்டியிலிருந்தே எடுத்துச் சாப்பிடுகிறார்கள்.

இரண்டு வாரம் கழித்து, எதிரியின் நாடான மார்டோரில், ஃப்ரோடோவால் இனி மோதிரத்தைச் சுமக்க முடியாது என்று ஆனபிறகு, சாம் மூட்டையைப் பிரிக்கிறான். வேண்டாததையெல்லாம் எறிய வேண்டும். சட்டிகளைப் பூமிப் பிளவு வரை எடுத்துப்போய்ப் போடுகிறான். அவை உருண்டு விழும் சத்தம் அவனுக்குச் சாவுமணி மாதிரி கேட்கிறது. திரும்பிப் போய்ச் சமைப்போம் என்ற நம்பிக்கை அங்கே போய்விட்டது. நீங்கள் நடந்த அத்தனை மலையும் ஆறும் இல்லாவிட்டால் அது வெறும் தகரச் சத்தம்தான்.

டோல்கீன் முதல் உலகப் போரில், 1916இல், பிரான்சின் சோம் போர்முனையில் இருந்தவர். அங்கே பழகிய சாதாரணச் சிப்பாய்களின், அதிகாரிகளுக்குப் பணிவிடை செய்தவர்களின் சாயல்தான் சாம் என்று சொல்லியிருக்கிறார். களைத்த காலின் கனம் அவருக்குக் கேள்விப்பட்டுத் தெரிந்த விஷயமில்லை.

கெட்டவர்களைப் பற்றி நீங்கள் சொன்னதில் பாதி சரி. எதிரியின் படையாக வரும் ஆர்க்குகள் என்ற இனத்தின் விஷயத்தில் நானும் உங்கள் பக்கம்தான். ஒரு இனமே வெட்டித் தள்ளுவதற்காகப் படைக்கப்பட்டதா என்ற கேள்வி எனக்கு உறுத்துகிறது. டோல்கீனுக்கே அது கடைசிவரை உறுத்தியது. ஆனால் அந்த முயல் அத்தியாயத்தையே மறுபடி பாருங்கள். எதிரிப் படையின் தெற்கத்தி வீரன் ஒருவன் சாமின் காலடிக்குப் பக்கத்தில் செத்து விழுகிறான். இவன் பெயர் என்னவோ, எந்த ஊரோ, மனசார கெட்டவன்தானா, யார் பொய் சொல்லி இவ்வளவு தூரம் நடத்திக் கூட்டிவந்தார்களோ என்று சாம் யோசிக்கிறான். ஒரே ஒரு பத்தி. அதற்காகவே இந்த நாவலை நான் கைவிட மாட்டேன்.

டாம் பாம்படில் எனக்கும் ஒட்டவில்லை. சபை அத்தியாயம் இரண்டாம் தடவை பிடித்தது, யார் யார் என்று தெரிந்துவிட்டதால். பாட்டுகளை முதல் தடவை நானும் தாண்டித்தான் போனேன். அதில் தப்பில்லை.

சரி, எந்த இடத்தில் அழுதீர்கள் என்று எழுதவே இல்லையே. அதை எழுதுங்கள்.