சுவர் எதனால் ஆனது? – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நானோ அளவு விட்டங்களின் அதிர்வை எரிங்கனின் நான்லோக்கல் கோட்பாட்டின்படி (ஒரு புள்ளியின் தகைவு சுற்றியுள்ள புள்ளிகளின் திரிபையும் சார்ந்தது என்பது) கணக்கிடுகிறேன். இருமுனையும் தாங்கிய விட்டத்தில், அந்தச் சுற்றுத் தாக்கத்தின் வீச்சைச் சொல்லும் அளவுரு கூடக்கூட அதிர்வெண் இறங்குகிறது. ஒரு முனையை இறுக்கி மறுமுனையைச் சும்மா விட்ட கான்டிலீவரில் மட்டும் முதல் அதிர்வெண் ஏறுகிறது. அளவுருவுக்கு எந்த மதிப்பை எடுப்பது? திரிபுச் சரிவையும் (திரிபு இடத்துக்கு இடம் மாறும் வீதத்தையும்) சேர்த்தால் கட்டுரை வலுவாகுமா?

வ.

அன்புள்ள வ.,

விட்டம் வலுவாகுமா என்று கேட்டிருந்தால் இன்னும் மகிழ்ந்திருப்பேன். லிம், ஜாங், ரெட்டி மூவரும் 2015இல் இரண்டையும் இணைத்துவிட்டார்கள். அதன்பின் அந்த மாவை எத்தனையோ பேர் அரைத்தாயிற்று, உங்கள் பங்குக்கு நீங்களும் அரைக்க வேண்டாம்.

கான்டிலீவர் என்றதும் எனக்குப் பட்டறைதான் நினைவுக்கு வருகிறது. மாணவனாக இருந்தபோது ஓர் ஆக்ஸா பிளேடை வைஸில் கவ்வவைத்துச் சுண்டி, விட்டுவிட்டு மின்னும் ஸ்ட்ரோபாஸ்கோப் வெளிச்சத்தில் அதிர்வெண் எடுத்தேன். ஒவ்வொரு முறையும் கணக்கைவிடக் குறைவாகவே வந்தது. நான் எஃகின் மேல் பழிபோட்டு, அதன் விறைப்பைச் சொல்லும் யங் குணகத்தைக் குறைத்துக் குறைத்துக் கணக்கைப் பொருத்திக்கொண்டிருந்தேன். பட்டறைக்காரர் வந்து, ஒன்றும் பேசாமல் வைஸின் கைப்பிடியை இன்னும் அரைச்சுற்று இறுக்கினார். சுருதி ஏறியது.

சிலிக்கானில் அரித்தெடுக்கும் விட்டத்துக்கும் இதே கதைதான். அரிப்பு, பிடிமானத்துக்கு அடியிலும் கொஞ்சம் தின்றுவிடும். விட்டம் வரைந்ததைவிட நீண்டுபோகும். நீளம் 10 சதவீதம் கூடினால் அதிர்வெண் சுமார் 17 சதவீதம் விழும். அதை அளவு விளைவு, அதாவது விட்டம் சிறுத்ததால் வந்தது, என்று எழுதிவிடுவது எவ்வளவு எளிது!

உங்கள் புதிரும் முனையில்தான் இருக்கிறது. எரிங்கன் தொகையீட்டு வடிவத்திலிருந்து வகையீட்டு வடிவத்துக்கு வந்தது 1983இல். எல்லையற்ற ஊடகத்தில் இரண்டும் ஒன்றே. முனைகள் உள்ள விட்டத்தில், தொகையீடு இரண்டு கூடுதல் நிபந்தனைகளையும் கையில் பிடித்துக்கொண்டு வரும். அவை சமநிலையோடு மோதுகின்றன என்று ரொமானோ, பாரெட்டா குழுவினர் 2017இல் காட்டினார்கள். வகையீட்டு வடிவத்தை மட்டும் எடுத்த நீங்கள், அந்த நிபந்தனைகளை வாசலிலேயே விட்டுவிட்டீர்கள். ஏறுகிற அதிர்வெண்ணுக்கும் நானோ உலகத்துக்கும் சம்பந்தமில்லை. அது நிபந்தனைகளைக் கைவிட்ட இடத்தின் தழும்பு. இதைப் படிக்காமல் வரைபடம் போட்டது சோம்பல், வேறு பெயர் கிடையாது. கோபித்துக்கொள்ளாதீர்கள், நானும் யங் குணகத்தைத் திருத்தியவன்தான்.

அளவுருவா? எரிங்கன் படிக அலைகளோடு பொருத்தி 0.39 என்ற மாறிலியைப் பெற்றார். அது உங்கள் விட்டத்தை அளந்து வந்ததல்ல. அளந்தவர்களைப் பாருங்கள்: லாம் குழுவினர் 2003இல் எபாக்சி விட்டங்களை வளைத்தார்கள். தடிமன் 115 மைக்ரானிலிருந்து 20க்கு இறங்கியபோது, இயல்பாக்கிய (தடிமன் மாறியதன் வழக்கமான பங்கை நீக்கிய) வளைவு விறைப்பு ஏறத்தாழ 2.4 மடங்காயிற்று. பொருளும் வேறு, அளவும் வேறு என்பீர்கள். சரி. ஆனால் அங்கே விறைப்பு ஏறுகிறது, உங்கள் தாளிலோ விட்டம் தளர்கிறது. அந்தத் தளர்ச்சியை எந்தச் சோதனையில் பார்த்தீர்கள்?

நீங்கள் அனுப்பிய முதல் படத்தில், இடது முனையில் சாய்கோடுகள் போட்டு ஒரு சுவர் வரைந்திருக்கிறீர்கள். அது எதனால் ஆன சுவர் என்று எழுதுங்கள்.