பட்டியலில் பெயர் இல்லையென்றால் ‘சேலஞ்ச் ஓட்டு’ கைகொடுக்குமா?

கேள்வி: “வாக்காளர் பட்டியலில் பெயர் இல்லாவிட்டாலும் ஆதாரைக் காட்டி 49ஏ பிரிவின்படி சேலஞ்ச் ஓட்டு போடலாம். உங்கள் ஓட்டை வேறு யாராவது போட்டிருந்தால் டெண்டர் ஓட்டு கேளுங்கள். ஒரு பூத்தில் டெண்டர் ஓட்டு 14 சதவீதத்தைத் தாண்டினால் மறு வாக்குப்பதிவு நடக்கும்” என்று எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வந்திருக்கிறது. அம்மா சமீபத்தில் வீடு மாறினார். இதை நம்பி இருக்கலாமா?

பதில்: நம்பி இருக்க வேண்டாம். தேர்தல் வரும்போதெல்லாம் இந்தச் செய்தியும் கூடவே வந்துவிடுகிறது. கொஞ்சம் உண்மை கலந்திருப்பதால் விவரம் தெரிந்தவர்களும் நம்பிவிடுகிறார்கள்.

1961-ம் ஆண்டு தேர்தல் நடத்தும் விதிகளில் 49ஏ என்பது வாக்குப்பதிவு இயந்திரத்தின் வடிவமைப்பைப் பற்றியது. ‘சேலஞ்ச்’ பற்றிச் சொல்வது 49ஜே. ஆனால் அங்கே சேலஞ்ச் செய்வது வாக்காளர் இல்லை, பூத் ஏஜென்ட். “இவர் அந்த ஆள் இல்லை” என்று சந்தேகம் கிளப்புகிறவர் 2 ரூபாய் கட்ட வேண்டும். வாக்குச்சாவடித் தலைமை அலுவலர் விசாரித்து, ஆள் சரிதான் என்றால் ஓட்டுப் போட விடுவார். பட்டியலில் பெயர் இருப்பவருக்குத்தான் இந்த விசாரணையே. பெயர் இல்லாதவருக்கு ஆதார், வாக்காளர் அட்டை எதைக் காட்டினாலும் ஓட்டு கிடையாது.

நான் வாக்குச்சாவடித் தலைமை அலுவலராக இருந்த ஒரு தேர்தலில் மாலை நாலு மணிக்கு ஒரு பெரியவர் வந்தார். இதே செய்தியை ஒரு தாளில் எழுதி, நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்தார். பட்டியலை இரண்டு முறை புரட்டியும் அவர் பெயர் இல்லை. “இதிலே போட்டிருக்கே சார்” என்று தாளை நீட்டினார். எனக்குப் பதில் சொல்ல நா எழவில்லை. அந்தத் தாளை நம்பாமல் இருந்திருந்தால், முன்கூட்டியே பட்டியலில் பெயரைத் தேடியிருப்பார். தைரியம் சொல்வது போல வரும் இந்த வதந்திதான், அவதூறு பரப்புவதைவிட எனக்கு அதிகக் கவலை தருகிறது.

டெண்டர் ஓட்டு உண்மையிலேயே உண்டு. அது 49பி (49P) விதி. “உங்கள் ஓட்டு ஏற்கெனவே பதிவாகிவிட்டது” என்று சொன்னால், கோபப்பட்டு வெளியே வந்துவிடாதீர்கள். தலைமை அலுவலரிடம் போய் டெண்டர் ஓட்டு வேண்டும் என்று கேளுங்கள். அடையாளம் பற்றிய கேள்விகளுக்குச் சரியாகப் பதில் சொன்னால், படிவத்தில் உங்கள் கையெழுத்து வாங்கிக்கொண்டு காகித வாக்குச்சீட்டு தருவார். இயந்திரத்தில் போட முடியாது. அந்தச் சீட்டைத் தனி உறையில் வைப்பார்கள். வழக்கமான எண்ணிக்கையில் அது சேராது. தேர்தல் வழக்கு வந்து நீதிமன்றம் கேட்டால்தான் உறை பிரிக்கப்படும். ஆனாலும் போட்டுவிட்டு வாருங்கள். உங்கள் பெயரில் வேறொருவர் வந்து போனதற்கு அது பதிவான சாட்சி. 14 சதவீதக் கணக்கு எந்த விதியிலும் இல்லை.

சரி, அம்மா விஷயத்துக்கு வருவோம். வாக்காளர் அட்டை எண்ணை வைத்துத் தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் இன்றே தேடுங்கள், அல்லது 1950-க்குப் போன் செய்யுங்கள். பழைய முகவரியில் பெயர் இருந்தால், முகவரி மாற்றப் படிவம் 8 கொடுங்கள். நீக்கப்பட்டிருந்தால், பெயரைச் சேர்க்கப் படிவம் 6. வேட்புமனு தாக்கலின் கடைசி நாளுக்குப் பிறகு அந்தத் தேர்தலுக்கான பட்டியலில் யாரையும் சேர்க்க முடியாது. பரிசீலனைக்கும் நாள் பிடிக்கும் என்பதால் தள்ளிப் போடாதீர்கள். பாகம் எண், வரிசை எண் இரண்டையும் ஒரு தாளில் குறித்து அம்மாவிடம் கொடுங்கள்.

பூத் சிலிப் மட்டும் அடையாளச் சான்று ஆகாது, ரேஷன் கார்டும் ஆகாது. வாக்காளர் அட்டை இல்லையென்றால் ஆதார், பான், ஓட்டுநர் உரிமம், போட்டோ ஒட்டிய வங்கி பாஸ்புக் போன்றவற்றில் ஒன்று போதும். பட்டனை அழுத்தியதும் உடனே திரும்பிவிடாமல், பக்கத்தில் உள்ள விவிபாட் (போட்ட ஓட்டைச் சீட்டில் அச்சிட்டுக் காட்டும் இயந்திரம்) கண்ணாடியைப் பார்க்கச் சொல்லுங்கள். அழுத்திய சின்னமும் பெயரும் 7 விநாடி தெரியும்.

அப்புறம், ‘ஆன்லைனில் ஓட்டுப் போடலாம்’ என்று லிங்க் வந்தால் தொடாதீர்கள், சட்டமன்ற, மக்களவைத் தேர்தல்களில் அப்படி ஒரு வசதி இல்லை. வாக்குப்பதிவு முடியும் நேரத்தில் அம்மா வரிசையில் நின்றால் திரும்பி வர வேண்டாம். கடைசி ஆளிலிருந்து தொடங்கி எல்லோருக்கும் சீட்டு கொடுப்பார்கள். அது கையில் இருந்தால் எவ்வளவு நேரமானாலும் போடலாம்.