கிராபிக்ஸ் கார்டு மாட்டியும் திரை கறுப்பு: மதர்போர்டை மாற்றத்தான் வேண்டுமா?

கேள்வி: ஏழு வருடப் பழைய டெஸ்க்டாப்பில் ஆர்டிஎக்ஸ் 3060 கார்டை நானே மாட்டினேன். எஸ்எம்பிஎஸ்ஸில் (உள்ளே கரன்ட் கொடுக்கும் பெட்டி) கார்டுக்கான 8 பின் வயர் இல்லை. விற்றவர் கொடுத்த, ஹார்ட் டிஸ்க் வயரை 8 பின்னாக மாற்றும் சாட்டா கன்வெர்ட்டர் வழியாக கரன்ட் கொடுத்திருக்கிறேன். ஆன் செய்தால் கார்டின் ஃபேன் சுற்றுகிறது, மானிட்டரில் ஒன்றும் வரவில்லை. "மதர்போர்டும் பிராசஸரும் பழசு, மாற்றினால்தான் ஓடும்" என்கிறார் விற்றவர். எஸ்எம்பிஎஸ் மேல் 500 வாட் என்று போட்டிருக்கிறது. மாற்றத்தான் வேண்டுமா?

பதில்: முதலில் அந்தக் கன்வெர்ட்டரைக் கழற்றிக் குப்பையில் போடுங்கள். மதர்போர்டு பேச்சை அப்புறம் பார்க்கலாம்.

பழைய பிராசஸர் கேமின் வேகத்தைக் குறைக்கும், திரையைக் கறுப்பாக்காது. கார்டு பிசிஐஇ (கார்டு செருகும் ஸ்லாட்டின் தலைமுறை) 4.0, உங்கள் ஸ்லாட் 3.0 என்றாலும் கவலையில்லை, கார்டு 3.0 வேகத்துக்கு இறங்கி வந்து ஓடும். விற்றவர் சொல்வது சரியா என்று பார்க்க ஐந்து நிமிடம் போதும். கார்டைக் கழற்றிவிட்டு, மானிட்டர் வயரை மதர்போர்டின் எச்டிஎம்ஐயில் செருகி ஆன் செய்யுங்கள். படம் வந்தால் மதர்போர்டு, பிராசஸர், ரேம் மூன்றும் நன்றாகத்தான் இருக்கின்றன. (எஃப் என்று முடியும் இன்டெல் பிராசஸரிலும், ஜி என்று முடியாத பழைய ரைசனிலும் உள்ளேயே கிராபிக்ஸ் கிடையாது. அவற்றில் இந்தச் சோதனை செல்லாது.) கார்டைத் திரும்ப மாட்டியதும் மானிட்டர் வயரையும் கார்டுக்கு மாற்றுங்கள். பல மதர்போர்டுகள் கார்டு ஏறியதும் தம் சொந்த எச்டிஎம்ஐயை அணைத்துவிடும். இதைக் கவனிக்காமல் கார்டையே திருப்பிக் கொடுத்தவர்கள் ஏராளம்.

இனி கரன்ட். ஆர்டிஎக்ஸ் 3060 முழு வேகத்தில் 170 வாட் வரை இழுக்கும். ஸ்லாட் தருவது அதிகபட்சம் 75 வாட். மீதி 95 வாட்டுக்கு மேல் 8 பின் வயர் வழியாகத்தான் வர வேண்டும். அந்த இணைப்பு 150 வாட் தாங்கும். சாட்டா பவர் கனெக்டரோ ஹார்ட் டிஸ்குக்கு என்று செய்தது. அதில் 12 வோல்ட்டுக்கு மூன்று பின், ஒவ்வொன்றும் 1.5 ஆம்பியர். மொத்தம் 4.5 ஆம்பியர், அதாவது 54 வாட். இரண்டு சாட்டாவைச் சேர்த்து ஒரு 8 பின்னாக்கினாலும், அவை இரண்டும் பெரும்பாலும் ஒரே வயரிலிருந்துதான் வருகின்றன.

இதில் மோசமான விஷயம், கார்டுக்கு இது தெரியாது. 8 பின்னில் இரண்டு பின்கள் கிரவுண்டில் சேர்ந்திருக்கின்றனவா என்று மட்டும்தான் அது பார்க்கும். கன்வெர்ட்டரில் அவற்றைச் சேர்த்தே வைத்திருப்பார்கள். 150 வாட் வருகிறது என்று நம்பி கார்டு இழுக்கும். வோல்ட்டேஜ் சரிந்தால் திரை கறுப்பு, சரியாமல் கேம் ஓடினால் கொஞ்ச நாளில் கனெக்டர் உருகும். ஃபேன் சுற்றுவதை ஆதாரமாக எடுக்காதீர்கள். அதற்கு ஸ்லாட் கரன்ட்டே தாராளம்.

அடுத்து அந்த "500 வாட்". பக்கவாட்டு ஸ்டிக்கரில் +12வி என்ற கட்டத்தில் எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். அதை 12ஆல் பெருக்கினால் உண்மை தெரியும். 18 ஆம்பியர் என்றால் 216 வாட். கார்டுக்கு 170, சாதாரண பிராசஸருக்கு 65, மற்றதற்கு ஒரு 50 என்று வைத்தாலே 285 ஆகிறது. பெரிய எழுத்தில் எந்த எண்ணையும் அச்சடிக்கலாம் என்று விட்டுவைத்திருக்கிறார்களே, அதுதான் எரிச்சல். 80 ப்ளஸ் முத்திரையும் கரன்ட் வீணாகாத அளவைத்தான் சொல்கிறது, பாதுகாப்பை அல்ல. கார்டின் சிப்பைத் தரும் என்விடியா இந்தக் கார்டுக்குக் கேட்பது 550 வாட் எஸ்எம்பிஎஸ். 12 வோல்ட்டில் 40 ஆம்பியருக்குக் குறையாமல், 6+2 பின் வயர் தன்னிலேயே உள்ளதாக வாங்குங்கள். உங்கள் செலவு பெரும்பாலும் இதோடு முடியும்.

மாட்டும்போது இரண்டு பொறிகள். பிராசஸருக்கான 8 பின் வயரும் பார்க்க இதே மாதிரிதான் இருக்கும். அது நான்கு நான்காகப் பிரியும், கார்டு வயர் ஆறும் இரண்டுமாகப் பிரியும். இரண்டிலும் கிரவுண்டும் 12 வோல்ட்டும் இடம் மாறியிருக்கும், ஆகவே போகவில்லையென்றால் அழுத்தாதீர்கள். வயர் கழற்றும் வகை எஸ்எம்பிஎஸ் என்றால் அதனுடன் வந்த வயரை மட்டுமே போடுங்கள். பழையது பொருந்தும், ஆனால் உள்ளே பின் வரிசை வேறாக இருக்கலாம். அப்படியென்றால் ஆன் செய்த நொடியில் கார்டு போய்விடலாம்.

கார்டு உட்காரவில்லை என்பதும் அடிக்கடி நடக்கும். சுவிட்சை அணைத்து, பவர் வயரை உருவி, பவர் பட்டனை ஐந்து விநாடி அழுத்திப் பிடியுங்கள். கார்டின் இரும்புத் தகட்டின் கீழ் நாக்கு, மதர்போர்டுக்கும் கேபினட்டுக்கும் இடையிலுள்ள சந்தில் இறங்க வேண்டும். அது விளிம்பில் தட்டி நின்றால் ஸ்குரூ முறுக்க முறுக்க மறுமுனை ஒரு மில்லிமீட்டர் மேலே எழும். ஸ்லாட் பூட்டு 'கிளிக்' என்று விழுந்ததா, தங்க நிறப் பற்கள் வெளியே தெரியாமல் இறங்கியிருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு அப்புறம் ஸ்குரூவைத் தொடுங்கள்.

உங்களுடையது அசெம்பிள் செய்ததா, கம்பெனியே முழுசாக விற்ற ஆபீஸ் டெஸ்க்டாப்பா என்று எழுதவில்லை. இரண்டாவது என்றால் கதை வேறு. கேபினட்டைத் திறந்து, எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து மதர்போர்டுக்குப் போகும் தடித்த கனெக்டரை எண்ணுங்கள். 24 பின் இருந்தால் பிரச்சினையில்லை. 6, 8, 10 என்று வந்தால் அது அந்தக் கம்பெனியின் சொந்த வடிவம். சந்தையில் கிடைக்கும் எஸ்எம்பிஎஸ் நேரடியாகச் சேராது. சேர்க்கும் வயர் தனியாகக் கிடைத்தாலும், அந்தப் பெட்டி உள்ளே நிற்க இடமிருக்காது, ஸ்குரூ ஓட்டையும் பொருந்தாமல் போகலாம். வேறு கம்பெனிப் பாகம் எதுவும் வாங்க முடியாதபடி செய்துவிட்டு அதைக் கச்சிதமான வடிவமைப்பு என்பார்கள். அந்த நிலையில் மதர்போர்டு மாற்றுவதை விட, இந்தக் கார்டைக் கொடுத்துவிட்டு ஸ்லாட்டின் 75 வாட்டிலேயே ஓடும் கார்டு வாங்குவது மேல். கேபினட் ஒல்லியாக இருந்தால் அரை உயரத் தகடு உள்ளதாகப் பாருங்கள்.

நல்ல எஸ்எம்பிஎஸ் போட்ட பிறகும் படம் வரவில்லையா? பயாஸ் (மதர்போர்டைத் தொடக்கி வைக்கும் மென்பொருள்) அமைப்புகள் பழைய நிலைக்குத் திரும்ப, மதர்போர்டிலுள்ள பட்டன் செல்லை ஐந்து நிமிடம் கழற்றி மாட்டுங்கள், மதர்போர்டு பயாஸைப் புதுப்பியுங்கள். அதற்கும் மசியாவிட்டால் நண்பர் கம்ப்யூட்டரில் கார்டைப் போட்டுப் பாருங்கள். அங்கேயும் கறுப்பு என்றால் கார்டு கோளாறு, வாரண்டியில் கேளுங்கள். கேட்கப் போகும் முன் கார்டின் 8 பின் வாயையும் சீரியல் நம்பரையும் வெளிச்சத்தில் படமெடுத்து வையுங்கள். கன்வெர்ட்டர் கொடுத்தவரே "உங்கள் வயரிங்கில் எரிந்தது" என்று சொல்ல முதல் ஆளாக வருவார்.