உறையைப் பிரித்துவிடுங்கள்: லண்டன் வணிகர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

மொத்த வியாபாரி ஒருவர் என் லிமிடெட் கம்பெனிக்குச் சட்டப்படியான கடன் கோரிக்கை அனுப்பியிருக்கிறார். பாக்கி 1,900 பவுண்டுதான். இதற்காகக் கம்பெனியையே மூட முடியுமா?

முடியும். 750 பவுண்டுக்கு மேல் பாக்கி இருந்தாலே போதும். 21 நாளில் பணமோ அவர் ஏற்கும் ஏற்பாடோ வராவிட்டால், உங்கள் கம்பெனியால் கடனைக் கட்ட இயலாது என்று இங்கிலாந்துச் சட்டம் முடிவு செய்துகொள்ளும். அடுத்த படி, கம்பெனியை மூடச் சொல்லி நீதிமன்றத்தில் போடும் கலைப்பு மனு. அது அரசு அறிவிப்பு இதழான லண்டன் கெசட்டில் வெளியானதும் வங்கிகள் கணக்கை முடக்கிவிடுகின்றன. அதன்பின் சம்பளம் போடக்கூட வழியிருக்காது.

தனிநபருக்கு இப்படிக் கோரிக்கை வந்தால் அதை ரத்து செய்ய 18 நாளுக்குள் விண்ணப்பிக்கலாம். கம்பெனிக்கு அந்த வசதி கிடையாது. கடன் பற்றி உண்மையான தகராறு இருந்தால், மனு போடுமுன் நீதிமன்றத்தில் தடையாணை வாங்க வேண்டும். ஒருமுறை கடைக்காரர் ஒருவர் மின்கட்டண ரசீதுகளோடு ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிய, இப்படியொரு கோரிக்கை வந்த உறையை என் மேசையில் வைத்தார். பிரிக்கவே இல்லை, வந்து ஐந்து வாரமாகியிருந்தது. அவரால் கட்டக்கூடிய தொகைதான் அது. இன்றும் அதை நினைத்தால் மனம் கனக்கிறது. தயவுசெய்து உறையைப் பிரித்துவிடுங்கள்.

நானும் மைத்துனரும் இயக்குநர்கள். வியாபாரம் இறங்குமுகம். "இன்னும் ஆறு மாதம் தாக்குப்பிடியுங்கள்" என்கிறார் கணக்காளர். எங்களுக்குச் சொந்தப் பொறுப்பு வருமா?

வரலாம். எந்தக் கட்டத்தில் வரும் என்பதை பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் 2022 அக்டோபரில், செக்குவானா வழக்கில் விளக்கியது. 2009இல் ஒரு கம்பெனி தன் தாய்க் கம்பெனிக்கு 13.5 கோடி யூரோ இலாப ஈவு கொடுத்தது. பல ஆண்டுகள் கழித்து நொடித்தது. என்றாவது ஒருநாள் நொடிக்கும் அபாயம் இருந்தது என்பது மட்டும் போதாது என்று நீதிபதிகள் கூறினார்கள். கம்பெனி நொடிப்பின் விளிம்புக்கு வந்துவிட்டது, அல்லது கலைப்பில் முடிவதற்கே வாய்ப்பு அதிகம் என்று இயக்குநருக்குத் தெரியும்போது, அல்லது தெரிந்திருக்க வேண்டும் என்னும்போது, கடன் கொடுத்தவர்களின் நலனையும் அவர் எடைபோட்டாக வேண்டும். நிலைமை மோசமாக மோசமாக அவர்களின் பக்கமே தராசு தாழும்.

அதன் கடுமையை 2024 ஜூனில் பிஎச்எஸ் வழக்கில் பார்த்தோம். 2015இல் ஒரு பவுண்டுக்கு விற்கப்பட்ட அந்தக் கடைத்தொடர் மறு ஆண்டே வீழ்ந்தது. மீள வழியில்லை என்று தெரிந்த, அல்லது தெரிந்திருக்க வேண்டிய கட்டத்துக்குப் பின்னும் வணிகத்தைத் தொடர்ந்ததற்காக இரண்டு இயக்குநர்கள் தலா 65 லட்சம் பவுண்டு தர வேண்டியதாயிற்று. பெரிய ஆலோசகர்களைக் கேட்டுத்தான் நடந்தோம் என்ற வாதம் அவர்களை முழுமையாகக் காப்பாற்றவில்லை.

ஆகவே கணக்காளரின் ஒரு சொல்லை மட்டும் நம்பாதீர்கள். வாரந்தோறும் உட்காருங்கள், கையிருப்பு எவ்வளவு, எந்தப் பாக்கி எந்தத் தேதியில், ஏன் தொடர்கிறோம் என்று எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். பொருளைத் தர முடியும் என்ற நம்பிக்கையில்லாமல் முன்பணம் வாங்காதீர்கள். மைத்துனர் கொடுத்த கைக்கடனை மட்டும் முந்தித் திருப்பிக் கொடுக்கவும் வேண்டாம். நெருங்கியவர்களுக்கு அப்படிச் சலுகை காட்டியிருந்தால், மூடப்படும் கம்பெனியின் சொத்தைத் திரட்டிப் பங்கிடும் கலைப்பாளர் இரண்டு ஆண்டு வரை பின்னோக்கிப் போய் அதை மீட்கக் கேட்கலாம்.

எனக்குப் பணம் தர வேண்டியவரின் வீடு அவருடைய கம்பெனியின் பெயரில் இருந்தது. அந்தக் கம்பெனி இப்போது அதை அவர் மகனுக்கு எழுதிக் கொடுத்துவிட்டது. "என் சொத்தே இல்லையே" என்கிறார்.

அந்த வாதத்துக்கு 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் முற்றுப்புள்ளி வைத்தது. கடனாளி தன் சொந்தக் கம்பெனியின் சொத்தைக் குறைந்த விலைக்குக் கைமாற்ற ஏற்பாடு செய்திருந்தாலும், 1986ஆம் ஆண்டு நொடிப்புச் சட்டத்தின் 423ஆம் பிரிவு அதைத் தொடும் என்பது எல்-ஹுசைனி வழக்கின் தீர்ப்பு. அவர் திவாலாகியிருக்கத் தேவையில்லை. குறைந்த விலைக்குக் கைமாறியதோடு, கடன் கொடுத்தவருக்கு எட்டாமல் செய்யும் நோக்கம் இருந்ததையும் நீங்கள் நிரூபிக்க வேண்டும். நோக்கத்தை நிரூபிப்பதுதான் கடினமான பகுதி. பத்திரப் பதிவு எந்த நாளில் நடந்தது, உங்கள் நோட்டீஸ் எந்த நாளில் போனது என்று முதலில் பாருங்கள்.

தகராறு வந்தால் நீதிமன்றத்துக்குப் பதில் நடுவரிடம் போக வேண்டும் என்ற நடுவர் மன்ற விதி ஒப்பந்தத்தில் இருக்கிறது. நேராகக் கலைப்பு மனு போடலாமா?

எதிராளி கடனை உண்மையான, வலுவான காரணத்தோடு மறுக்கவில்லையென்றால் போடலாம். பிரிட்டிஷ் வர்ஜின் தீவுகளிலிருந்து வந்த சியான் வழக்கில் 2024 ஜூனில், அத்தகைய பகுதிகளின் இறுதி மேல்முறையீட்டு நீதிமன்றமான பிரிவி கவுன்சில் இதைச் சொன்னதோடு, இங்கிலாந்துக்கும் இதுவே சட்டம் என்று அறிவித்தது.

செயற்கை நுண்ணறிவுச் செயலியில் முன்தீர்ப்புகளைத் தேடி என் சொலிசிட்டரிடம் கொடுத்தேன். தவறா?

சரிபார்க்காமல் தாக்கல் செய்தால் பெருந்தவறு. ஏறத்தாழ 9 கோடி பவுண்டு கோரிய ஒரு வழக்கில் கட்சிக்காரரே இப்படித் தேடிக் கொடுக்க, வழக்குரைஞர் அப்படியே பயன்படுத்தினார். காட்டப்பட்ட 45 மேற்கோள்களில் 18 வழக்குகள் நடக்கவே இல்லை. 2025 ஜூனில் உயர் நீதிமன்றம் இதைக் கடுமையாகக் கண்டித்து, நீதிமன்ற அவமதிப்பு வரை போகலாம் என்று எச்சரித்தது. தேசிய ஆவணக் காப்பகத்தின் தளத்தில் தீர்ப்புகள் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒவ்வொரு பெயரையும் அங்கே தேடி, தீர்ப்பைத் திறந்து படித்த பிறகு சொலிசிட்டருக்கு அனுப்புங்கள்.