தாமஸ் பிட்: கவர்னரா, எம்.பி.யா, எது முதலில்?

கேள்வி: சென்னை கவர்னர் தாமஸ் பிட் பற்றிப் பள்ளி ஆண்டு மலருக்கு எழுதுகிறேன். "கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரியாக இருந்து அரசியல்வாதி ஆனவர்" என்று தொடங்கலாமா? அவருடைய வைரத்தின் எடையும் விலையும், கர்நாடக நவாப் தாவூத் கான் ஜார்ஜ் கோட்டையை முற்றுகையிட்ட ஆண்டும் ஒவ்வொரு இடத்தில் ஒவ்வொரு மாதிரி இருக்கின்றன. எதை எடுத்துக்கொள்வது?

பதில்: அந்த முதல் வரியை மட்டும் மாற்றிவிடுங்கள். 1674-ல் இந்தியா வந்த பிட், கம்பெனியின் ஏகபோகத்தை மீறித் தனியாக வியாபாரம் செய்தவர். ஊர் திரும்பியதும் அபராதம் கட்டினார். சம்பாதித்த பணத்தில் இங்கிலாந்தில் ஓல்ட் சாரம் என்ற நாடாளுமன்றத் தொகுதியின் நிலத்தையே வாங்கினார். குடியிருப்பவர்களே அநேகமாக இல்லாத இடம். நிலம் யாருடையதோ, எம்.பி. பதவியும் அவர் கையில். (1832-ல்தான் அதை ஒழித்தார்கள்.) ஆக, எம்.பி. ஆன பிறகுதான், 1698-ல், தன்மீது வழக்குப் போட்ட அதே கம்பெனிக்கு ஜார்ஜ் கோட்டையில் கவர்னராக வந்தார். 1709 வரை இருந்துவிட்டு, மறுபடி நாடாளுமன்றம் போனார்.

வைரத்தின் எடையில் முரண்பாடே இல்லை. 410 காரட் என்பது பட்டை தீட்டாத கல். சுமார் 140 காரட் என்பது தீட்டியது. விலையும் அப்படித்தான்: வாங்கியது 48,000 வராகன் (அன்றைய தங்க நாணயம்), இங்கிலாந்து பவுண்டில் ஏறக்குறைய 20,400. 1717-ல் பிரெஞ்சு அரசப் பிரதிநிதி ஆர்லியன்ஸ் கோமகனுக்கு விற்றது 1,35,000 பவுண்டு. அந்தக் கல் இப்போது பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

முற்றுகைக்கு 1702 என்றே எழுதுங்கள். அன்றைய இங்கிலாந்தில் புத்தாண்டு மார்ச் 25-ல்தான் பிறக்கும். அதனால் பிப்ரவரியில் எழுதிய கோட்டைக் குறிப்பில் பழைய ஆண்டான 1701 இருக்கும். 1752-க்கு முந்தைய ஆங்கில ஆவணம் எதுவானாலும், ஜனவரி முதல் மார்ச் வரையிலான தேதிகளை இப்படி ஒருமுறை சரிபார்ப்பது நல்லது.

அப்புறம், பிரிட்டிஷ் பிரதமர் பிட் என்று இருவர் வருவார்கள். மூத்தவர் இவருடைய பேரன், இளையவர் கொள்ளுப்பேரன். கவர்னரின் படம் என்று அவர்கள் படத்தைப் போட்டுவிடாதீர்கள்.

மாணவர்களுக்கு என்பதால் ஒன்று சொல்கிறேன். எல்லாரும் வைரத்தையே பேசுகிறார்கள். முற்றுகையிட்ட அதே தாவூத் கானிடமிருந்து 1708-ல் பிட் ஐந்து கிராமங்களைப் பெற்றார்: திருவொற்றியூர், நுங்கம்பாக்கம், வியாசர்பாடி, கத்திவாக்கம், சாத்தங்காடு. என்னைக் கேட்டால் கட்டுரையை இங்கிருந்தே தொடங்குவேன்.