வயசான மூளையில் காந்தம் ஏறுமா?

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

அப்பா போனதிலிருந்து அம்மா யாரோடும் பேசுவதில்லை, சாப்பாடும் பேருக்குத்தான். மனச்சோர்வுக்குக் கொடுத்த மாத்திரையில் பெரிய மாற்றமில்லை. பாளையங்கோட்டை டாக்டர் 'டிஎம்எஸ்' என்ற காந்த சிகிச்சையைச் சொல்கிறார். அம்மாவுக்கு 72 வயது. "வயசான மூளையில அதெல்லாம் ஏறாது, துட்டுதான் போவும்" என்கிறார் மாமா. உண்மையா?

ஒரு வாசகி, அம்பாசமுத்திரம்

அன்புள்ள தங்கச்சிக்கு,

நான் டாக்டர் இல்லை. படித்ததைச் சொல்கிறேன். மாமா சொல்வதில் கால்வாசி சரி.

முதலில், பொருட்காட்சியில் விற்கிற காந்தப் படுக்கையோடு இதைச் சேர்க்காதீர்கள். இங்கே தலைமேல் வைக்கும் கம்பிச்சுருளில் மின்சாரம் கண நேரம் பாய்ந்து நிற்கும். அப்படி மாறும் காந்தப்புலம் மூளையின் மேற்பரப்பில் சிறு மின்னோட்டத்தை எழுப்பும். விஞ்ஞானி ஃபாரடே 1831இல் கண்ட அதே விதிதான். 1985இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் பார்க்கர் என்ற ஆய்வாளரின் குழுவினர் இப்படித்தான் தலையில் தூண்டி கையை அசைய வைத்தார்கள்.

வயதாக ஆக மூளை கொஞ்சம் சுருங்கும். மண்டையோட்டுக்கும் அதற்கும் நடுவே இடைவெளி கூடும், அங்கே நீர் நிரம்பும். காந்தப்புலமோ தூரம் கூடக்கூட மளமளவென்று குறைவது. அதனால் அதே அளவு தூண்டல் வயதானவர்களுக்குப் போதாமல் போகலாம். இன்னொரு சிக்கலும் உண்டு. எவ்வளவு பலத்தில் கொடுப்பது என்பதை, விரலை அசைக்கும் மூளைப் பகுதியைத் தூண்டி, கட்டைவிரல் துடிக்கிறதா என்று பார்த்து முடிவு செய்கிறார்கள். சிகிச்சை கொடுப்பதோ பெரும்பாலும் இடது நெற்றிப் பக்கம். முதுமையில் முன்மூளைதான் அதிகம் சுருங்கும். விரலுக்குச் சரியாக இருந்த அளவு நெற்றிக்குப் போதாமல் போகலாம்.

ஆரம்பகால ஆய்வுகள் சிலவற்றில் முதியவர்களுக்குப் பலன் குறைவாகத் தெரிந்ததற்கு இந்தக் குறைந்த அளவும் ஒரு காரணம். பலத்தையும் நாட்களையும் கூட்டிய பிந்தைய ஆய்வுகளில் முதியவர்கள் பலரும் தேறினார்கள். தூண்டலுக்கு ஏற்ப மூளை தன்னை மாற்றிக்கொள்ளும் திறன் வயதோடு சராசரியாகக் குறையும் என்பதும் மெய்தான், ஆனால் ஆளுக்கு ஆள் அது ரொம்பவே வேறுபடும். 72 என்ற எண்ணை வைத்து மாமா தீர்ப்புச் சொல்ல முடியாது.

டாக்டரிடம், "அம்மா வயசுக்குத் தகுந்த மாதிரி அளவைப் பார்ப்பீங்களா?" என்று நேராகக் கேளுங்கள். வழக்கமாக வாரம் 5 நாள், 4 முதல் 6 வாரம் ஆகும். அம்பையிலிருந்து தினமும் பஸ்ஸில் கூட்டிவர அம்மாவுக்குத் தெம்பிருக்குமா என்றும் யோசியுங்கள். அப்புறம், வலிப்பு வந்ததுண்டா, தலையில் உலோகம், காதுக்குள் பொருத்திய கருவி, பேஸ்மேக்கர் ஏதாவது இருக்கிறதா என்பதை அவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம்.